செவ்வாய், வெள்ளி மட்டும் நின்ற கார்

டாக்டரிடம் போகிறவர் எங்கே வலிக்கிறது என்று சொல்வார். கராஜுக்கு வருகிறவர், இதற்கு முன்னால் யார் பார்த்துக் கெடுத்தது என்றுதான் முதலில் சொல்வார். அதைப் பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டிவிட்டு பொனட்டைத் திறப்பதுதான் எங்கள் தொழில். என்னைப் போல பொனட்டுக்குள் தலையை விட்டுப் பிழைக்கிறவர்களுக்கும், விற்கவும் மனமில்லாமல் நம்பவும் முடியாமல் ஒரு பழைய காரை வைத்துக்கொண்டு அவதிப்படுகிறவர்களுக்கும் இதில் பாதியாவது நடந்திருக்கும். மீதிப் பாதி எங்கள் மலையில் மட்டும்தான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

என்னைக் கண்டதும் ஓடியது

நான் வேலை செய்யும் கராஜ் ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜுக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கதவைத் திறந்து சாமான்களை வெளியே எடுத்து வைக்கும்போதே போன் அடித்தது. மரியதாஸ் அண்ணன். என் அப்பாவைவிட மூத்தவர்தான். ஆனாலும் டிரைவர்மாரை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். "தம்பி, பாலத்தடியில வண்டி நின்னுருச்சு. பின்னாடி பாக்கியம் இருக்கு. எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில இருக்கணும்" என்றார். அந்தக் கார் நின்றது என்பதே எனக்குப் பெரிய செய்தி. என்னைவிட இரண்டு வயது மூத்த ஜப்பான் கார் அது. வெள்ளை நிறம் வெற்றிலை போடுகிறவர் பல் மாதிரி மங்கிப்போயிருந்தாலும், எண்ணெய் மாற்றுவதற்குத் தவிர வேறெதற்கும் அது எங்கள் கராஜ் வாசலை மிதித்ததில்லை.

பாக்கியம் அக்கா, மரியதாஸ் அண்ணன் இருக்கும் மேல்கணக்கு லயத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், பக்கத்துக் காம்பரா அறைக்காரர். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர். மூன்று மாதத்துக்கு முன்னால் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் டவுன் ஆஸ்பத்திரியில் மெஷினில் படுத்து ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு வர வேண்டும். மேல்கணக்கு ரோட்டுக்கு பஸ் கிடையாது. மழை பெய்தால் த்ரீவீலும் ஏறாது. மரியதாஸ் அண்ணனுடைய கார் ஒன்றுதான்.

மோட்டார் சைக்கிளில் பாலத்தடிக்குப் போக எனக்கு இருபது நிமிடம் ஆனது. பொனட்டைத் திறந்தேன். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. "ஒருக்கா அடிங்கண்ணே" என்றேன். சாவியைத் திருப்பினார், முதல் அடியிலேயே பட்டென்று பிடித்து, தையல் மெஷின் மாதிரி ஓடியது. இந்த அவமானம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கோளாறு இருந்தது என்பதற்கே சாட்சி இல்லை. மரியதாஸ் அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒன்னைக் கண்டதும் திருந்திருச்சு தம்பி. நீ பேசாம தினம் முன் சீட்டுல ஒக்காந்துக்க, எங்கேயும் நிக்காது."

மழைமேல் போட்ட பழி

சிவனொளிபாதமலை யாத்திரை சீசனின் கடைசி வாரங்கள் அவை. மழை கொஞ்சம் முந்திக்கொண்டு வந்துவிட்டது. நம்ம ஊரில் காரணம் தெரியாத எல்லாவற்றுக்கும் மழை என்று ஒரு காரணம் இருக்கிறது. நானும் அதையே பிடித்துக்கொண்டேன். பிளக் வயர்கள் பழையவை, தண்ணீர் தெறித்தால் நெருப்புப்பொறி வேறெங்காவது ஓடிவிடும் என்று விளக்கி, நாலு வயரையும் மாற்றினேன். போகும்போது, "முன்பக்கத்தால தண்ணி உள்ள அடிக்காமப் பாத்துக்குங்கண்ணே" என்று ஒரு வார்த்தையும் சொல்லிவைத்தேன். மெக்கானிக்மார் போகிற போக்கில் சொல்கிற வார்த்தையை வண்டிக்காரர்கள் எவ்வளவு பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள் என்பது அடுத்த வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது.

அன்றும் அதே பாலம். அதே போன். போய்ப் பார்த்தால் காரின் முகத்தையே காணோம். ரேடியேட்டருக்கு முன்னால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரு படங்கு கட்டியிருந்தது. கொழுந்து எடுக்கும் பெண்கள் மழைக்கும் செடி கீறாமலும் இடுப்பில் சுற்றிக்கட்டுகிற அந்தத் தடித்த விரிப்புத்தான். பார்க்க, கார் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் புறப்பட்டு நிற்பது மாதிரி இருந்தது. என் பேச்சைக் கேட்டுச் செய்த வேலை என்பதால் எனக்குள் ஒரு பெருமைகூட. ஓரம் ஒன்று காற்றில் ஆடியதை இழுத்து, நானே ஒரு முடிச்சு கூடப் போட்டுக்கொடுத்தேன். வண்டி அன்றும் நான் போனதும் பிடித்துக்கொண்டது.

பின் சீட்டுக் கண்ணாடியை இறக்கி பாக்கியம் அக்கா எட்டிப் பார்த்தார். "இருவது வருசம் நான் இடுப்புல கட்டுன படங்கு தம்பி அது. எனக்கே மழை உள்ள வந்துச்சு, காருக்கு மட்டும் வராதா?"

தேங்காய் வைத்தியம்

மூன்றாவது முறை நின்றபோதுதான் கராஜ் முதலாளி பியதாச பாஸ் ஒரு விஷயத்தைக் கவனித்தார். சனி, ஞாயிறுகளில் மரியதாஸ் அண்ணன் மலையடிவாரத்து நல்லதண்ணிக்கு மலை ஏறுகிறவர்களை ஏற்றிக்கொண்டு போய் வருகிறார். திங்கட்கிழமை கலியாண வீட்டுக்கு வாடகை ஹயர். புதன்கிழமை வலப்பனைக்கு ஒரு சாவு வீட்டுக்கு ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பி வந்திருக்கிறார். ஒரு இருமல்கூட இல்லை. நிற்பது செவ்வாய், இல்லாவிட்டால் வெள்ளி. நிற்கிற இடமும் அந்தப் பாலம்தான்.

பெட்ரோல் பம்ப்பை மாற்றினேன். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். டாங்க்கில் தண்ணீர் இருக்கிறதா என்று வடித்துப் பார்த்தேன். வியாழக்கிழமை நானே மேல்கணக்குக்கு ஏறி, அதே ரோட்டில் பாலம் வரை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். பாஸ் ஒரு தடவை ஓட்டினார். வெண்ணெய் மாதிரி போகிறது. லயத்தில் அதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. மேல்கணக்கு ரோடு ஏறி முடிகிற உச்சியில் ஒரு முனியாண்டி கோயில் இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் சாமி நாள். முனியைத் தாண்டிப் போய்த்தான் வண்டி நிற்கிறது. போதாதா? மரியதாஸ் அண்ணன் வேதக்காரர். டாஷ்போர்டில் மாதா சொரூபம் ஒட்டி வைத்திருப்பவர். அவரே ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஃபாதரைக் கூப்பிட்டு காருக்குத் தீர்த்தம் தெளித்துவிட்டு, திங்கட்கிழமை யாருக்கும் தெரியாமல் முனிக்கும் ஒரு தேங்காய் உடைத்தார் என்று கேள்வி.

பியதாச பாஸ் சிங்களவர். முப்பது வருடமாக எங்களோடு பழகி எங்கள் தமிழே பேசுவார், தம்பி என்பதை மட்டும் மல்லி என்பார். கழற்றிப்போட்ட கார்பரேட்டருக்கு முன்னால் நான் குந்திக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சொன்னார்: "மல்லி, கெழமை பாத்து நிக்கிற வண்டிக்கு ஸ்பேனர் எதுக்கு? அந்தக் காசுக்கு நீயும் ஒரு தேங்கா வாங்கு."

பாவசங்கீர்த்தனம்

மெஷினைக் கேட்டுப் பதில் வரவில்லை என்றால் மனுஷரைக் கேட்க வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் காரை கராஜில் நிறுத்தினார்கள். நான் ஒரு துண்டுக் கடதாசியும் பென்சிலும் எடுத்துக்கொண்டேன். ஏறும்போது எந்த கியர்? "செக்கண்டு. சில முடக்குல ஃபர்ஸ்ட்டு." எஞ்சின் சூடாகிறதா? "ஏறுனா சூடாகத்தானே செய்யும்." அதுவரைக்கும் டக் டக்கென்று பதில் வந்தது. இறங்கும்போது எந்த கியர் என்று கேட்டேன். மரியதாஸ் அண்ணன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். "எறக்கத்துக்கு ஏத்த கியர்தான்."

"செக்கண்டா, தேர்டா அண்ணே?"

"எறக்கம் பாத்துப் போடுறதுதான்."

பின் சீட்டில் பாக்கியம் அக்காவைப் பார்த்தேன். மெஷினில் படுத்து எழும்பிய களைப்பு முகத்தில் இருந்தது; ஆனால் அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கத்துத் தேயிலையை, இத்தனை வருடம் பார்த்தது போதாதென்று, அப்படி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சத்தம் போட்டுக் கேட்க வராது. கடதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். மரியதாஸ் அண்ணன் துணியை உதறிவிட்டுச் சொன்னார்: "முப்பது வருசம் தொரை பங்களா காரை ஓட்டுனவன்கிட்ட வந்து எறக்கத்தைப் பத்திக் கேள்வி கேக்குற, என்னா தம்பி?"

செருப்பு

அதற்கடுத்தது செவ்வாய்க்கிழமை. அன்று நான் போனபோதும் வண்டி திருந்தவில்லை. மரியதாஸ் அண்ணன் பதற்றத்தில் சாவியைத் திருப்பித் திருப்பி பேட்டரியையும் இறக்கிவிட்டிருந்தார். தள்ளிப் பார்க்கப் பாலத்தடியில் ஆளில்லை. கடைசியில் மரக்கறி ஏற்றிக்கொண்டு வந்த லொறி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி, பாக்கியம் அக்காவை டிரைவருக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டோம். காலைத் தூக்கி அந்தப் படியில் வைக்க அவரால் முடியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் பிடித்துத் தூக்கியபோது, "பாரம் நானா, இந்தத் தண்ணியா?" என்று சிரித்தார். சிறுநீர் போகாததால் உடம்பில் சேர்ந்திருந்த தண்ணீரைச் சொன்னார்.

போய்ச் சேர பத்து மணி. அவருடைய மெஷினில் அடுத்தவர் படுத்தாயிற்று. நர்ஸ்மார் பாவம், எப்படியோ இடம் பண்ணி, நாலு மணித்தியாலத்துக்குப் பதில் இரண்டு மணித்தியாலம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். இப்படி இன்னும் ஒரு தடவை விட்டால் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறும், அப்புறம் மூச்சு விட முடியாது என்று சொல்லியும் அனுப்பியிருக்கிறார்கள். அதை மரியதாஸ் அண்ணன்தான் என்னிடம் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பின்னேரம் லயத்துக்குப் போனேன். காம்பரா வாசலில் நின்றேன். பாக்கியம் அக்கா கட்டிலில் உட்கார்ந்து கால்களைக் கீழே தொங்கவிட்டிருந்தார். பக்கத்தில் ஒரு சோடி ரப்பர் செருப்பு. கால்விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் மினுங்கின. "வா தம்பி. கார் என்னா சொல்லுது?" என்றார். இன்னும் தெரியவில்லை அக்கா என்றேன். அவர் காலைத் தூக்கிக் காட்டினார்: "செருப்பு ஏறல பாரு. வண்டி பாலத்துல நிக்கிற அன்னைக்கு, தண்ணி என் காலுல நிக்குது."

முனிக்கு மரியாதை

வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்கே மேல்கணக்குக்குப் போய், மோட்டார் சைக்கிளை லயத்துக் கோடியில் சாய்த்துவிட்டு, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். மரியதாஸ் அண்ணனுக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை. "நீ கராஜுலயே இருந்திருக்கலாம்" என்றார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். பனி. வைப்பர் போட்டுத்தான் ரோட்டைப் பார்க்க வேண்டும். பதினோரு முடக்கு வளைவுகள், செக்கண்டு, ஃபர்ஸ்ட்டு, மறுபடி செக்கண்டு என்று வண்டி மூச்சிரைக்க ஏறியது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. வயதான ஆள் சுமை தூக்கிப் படியேறுகிற சத்தம், அவ்வளவுதான்.

உச்சியில் முனியாண்டி கோயில் வந்தது. சூலத்துக்கு முன்னால் யாரோ ஏற்றி வைத்த விளக்கு. அந்த இடத்தில் மரியதாஸ் அண்ணன் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றது. உலகமே நின்றது மாதிரி ஒரு அமைதி. நான் திரும்பிப் பார்த்தேன். "சாமி எடம் தம்பி. சத்தம் போட்டுக்கிட்டுப் போகக் கூடாது. முனிக்கு ஒரு மரியாதை" என்றார், டாஷ்போர்டு மாதாவைப் பார்க்காமல்.

சரி, கோயிலைத் தாண்டியதும் மறுபடி போடுவார் என்று பார்த்தேன். கோயில் போனது. முதல் முடக்கு போனது. இரண்டாவது முடக்கு போனது. வண்டி சத்தமே இல்லாமல், டயர் ஈரத்தில் உரசுகிற ஓசை மட்டும் கேட்க, பனிக்குள் தானாக உருண்டுகொண்டிருந்தது. எஞ்சின் ஓடாவிட்டால் பிரேக் கல் மாதிரி இறுகிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். அறுபது வயது மனுஷர் இரண்டு காலாலும் அதை ஏறி மிதித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் ஒன்றுமில்லை. நான் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டேன். பின்னால் இருந்து பாக்கியம் அக்கா, தோளில் தட்டிச் சமாதானம் சொல்கிற குரலில் சொன்னார்: "மரியாதை பாலம் வரைக்கும் இருக்கும் தம்பி."

சுவருக்கு அந்தப் பக்கம்

பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் சாவியைத் திருப்பி, செக்கண்டு கியரில் கிளச்சை விட்டார். வண்டி இரண்டு முறை விக்கி, நின்றது. நான் குதித்து இறங்கி பொனட்டைத் திறந்தேன். முகத்தில் அடுப்பு அடித்தது. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. ரொட்டி சுட்டு முடித்து அடுப்பை அணைத்தாலும் கல்லு கொஞ்ச நேரம் சுடத்தானே செய்யும்? பதினோரு முடக்கு ஏறிக் கொதித்த எஞ்சினை உச்சியில் வைத்து அணைத்தால், உள்ளே ஓடுகிற தண்ணீரும் நிற்கும், ஃபேனும் நிற்கும். காற்றாவது வந்து ஆற்றியிருக்கும். முதல் நாள் அந்தக் காற்றும் போதவில்லை; அதற்கப்புறம் அதற்கும் வழியில்லாமல் முன்னால் படங்கு. அந்தச் சூடு முழுக்க மேலே ஏறி, கார்பரேட்டருக்குள் இருந்த பெட்ரோலைக் கொதிக்க வைத்து ஆவியாக்கிவிடுகிறது. பல் கிட்டுகிற குளிரில் பெட்ரோல் கொதிக்கும் என்று எந்த மெக்கானிக் நினைப்பான்? இருபது நிமிடத்தில் ஆறிவிடும்; அதற்குள் நான் வந்து சேர்ந்து, ஆறின வண்டியைப் பார்த்துத் தலையைச் சொறிவேன்.

படங்கை அறுத்து எறிந்தேன். ஓடையில் துணியை நனைத்து வந்து கார்பரேட்டரைச் சுற்றிப் போட்டேன். மூன்றாவது தடவை நனைத்துப் போட்டபோது வண்டி பிடித்தது. எட்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்க பாக்கியம் அக்கா ஆஸ்பத்திரிக்குள் நடந்து போனார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போனார், ஆனால் போனார்.

அவர் மெஷினில் இருந்த நாலு மணித்தியாலமும் நாங்கள் கார் நிறுத்துகிற இடத்தில் இருந்தோம். மற்ற ஹயர்களில் இப்படி அணைக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். மற்ற ஹயரில் ஏறுகிறவர்கள் பெட்ரோல் போடுகிறார்கள். பாக்கியத்திடம் அவர் எதுவும் வாங்குவதில்லை. நாடே பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற அந்த வருசம் எல்லா டிரைவர்மாரும் பழகிய வித்தை இது. இறக்கத்தில் அணைத்து அணைத்து மிச்சம் பிடித்தால்தான் வாரத்துக்கு இரண்டு நடை ஓடும். முதலில் கையிலிருந்த காசில் ஓட்டியிருக்கிறார்; அது தீர்ந்த பிறகுதான் அணைக்க ஆரம்பித்தாராம். பிரேக் பிடிக்காமல் போனால் மெஷினுக்கே வேலையிருக்காது அண்ணே என்று நான் மெதுவாகத்தான் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. ஏன் காசு வாங்கக் கூடாது, அக்காவின் மகள் கொழும்பிலிருந்து அனுப்புகிறாளே என்று கேட்டேன். கார் கதவைத் தடவிக்கொண்டே சொன்னார்: "லயத்துச் சுவரு ஒனக்குத் தெரியும்தானே தம்பி, மேல கூரை வரைக்கும் கூட இல்ல. அந்தப் பக்கம் அந்தப் புள்ள மூச்சு வாங்குறது எனக்குக் கேக்குது. கேட்டுக்கிட்டு, விடிஞ்சதும் போயி எப்புடி கைய நீட்டுறது?"

பேச்சுத் துணை

கார்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு வெட்டிப் போட்டேன். இறக்கத்தில் சாவியைத் தொடுவதில்லை என்று மாதா தலையில் கைவைக்கச் சொல்லி மரியதாஸ் அண்ணனிடம் சத்தியம் வாங்கினேன். பெட்ரோலுக்காகத்தான் அணைத்தது என்று பாக்கியத்துக்குத் தெரியக் கூடாது என்று அவர் என்னிடம் ஒரு சத்தியம் வாங்கினார். இரண்டையும் வைத்துக்கொண்டு எனக்குத் தூக்கமில்லை. கோளாறு தீர்ந்தது, பெட்ரோல் எங்கிருந்து வரும்? நாலு நடை ஓடும், ஐந்து ஓடும். ஆறாவது நடைக்கு டாங்க் காய்ந்து நிற்கிற வண்டிக்கு எந்த ஸ்பேனர் போடுவது?

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு கராஜ் வாசலில் ஹோர்ன் அடித்தது. மரியதாஸ் அண்ணன் தகரத் தடுப்பை ஒருதரம் பார்க்கச் சொல்லி நிறுத்தியிருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பின் சீட்டைப் பார்த்தால், பாக்கியம் அக்காவோடு மேல்கணக்குப் பெண்கள் இரண்டு பேர். முன் சீட்டில் வயசான ஒரு பாட்டா, மடியில் சந்தைப் பை. தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, பேச்சுத் துணைக்கு யாராவது வர வேண்டும் என்று பாக்கியம் அக்கா சனிக்கிழமையிலிருந்து காம்பரா காம்பராவாகச் சொல்லி வைத்தாராம். எப்படியும் டவுனுக்குச் சந்தைக்கும் கிளினிக்குக்கும் போகிறவர்கள்தானே. இனிமேல் செவ்வாயும் வெள்ளியும் முறை வைத்து வருவார்களாம். காரில் சும்மா ஏறக் கூடாது என்று, வரும் வழியிலேயே அந்தப் பாட்டா பெட்ரோல் செட்டில் நிறுத்தச் சொல்லி இறங்கி, எல்லோர் பங்குக் காசையும் கொடுத்திருக்கிறார். நான் பாக்கியம் அக்காவைப் பார்த்தேன். அவர் மறுபடி தேயிலையைப் பார்த்தார்.

"பாத்தியா தம்பி" என்று மரியதாஸ் அண்ணன் முறைப்பாடு வைத்தார், முகம் முழுக்கச் சிரிப்போடு. "ஒரு எஞ்சினை அணைக்காம ஓட்டச் சொன்னே. இப்ப உச்சியில இருந்து பாலம் வரைக்கும் பின்னாடி மூணு எஞ்சின் ஓடுது. ஒண்ணு நின்னா ஒண்ணு பிடிக்குது."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். நான் பொனட்டை இறக்கி மூடினேன். பாக்கியம் அக்கா மட்டும் சிரிக்காமல், தலையைச் சாய்த்து வைத்துக் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "இனி எறக்கத்துல எதையும் அணைக்க முடியாது மரியதாஸ் அண்ணே. எங்க மூணு பேருக்கும் ஒங்ககிட்ட சாவி இல்ல."

மரியதாஸ் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று தலையாட்டினேன். அவர் கியரைப் போட்டுக் கிளம்பிப் போனார்.

ஆக, மரியாதை பாலம் வரைக்கும் என்று நோயைச் சொன்னதும் பாக்கியம் அக்கா, துணைக்கு ஆள் சேர்த்து மருந்து போட்டதும் பாக்கியம் அக்கா, அந்தப் பக்கத்து மூன்று தோட்டத்திலும் கைராசிக்காரன் என்று பெயர் எடுத்தது மட்டும் நான்.